வெளிநாட்டு உயர்ரகக் குட்டியா, காப்பக நாயா: எந்த வழியில் என்ன ஆபத்து?

நாய் வளர்ப்பது என்று வீட்டில் முடிவாகிவிடும். தகராறு அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஒருவர் கைப்பேசியை நீட்டி, வெளிநாட்டிலிருந்து வரவிருக்கும் குட்டியின் படத்தையும் வம்சாவளிச் சான்றிதழையும் காட்டுவார். இன்னொருவர், காப்பகங்கள் நிரம்பி வழியும்போது காசு கொடுத்துக் குட்டி வாங்குவது பாவம் என்பார். பேச்சு பாவ புண்ணியத்தில் சிக்கிக்கொண்டால் பிறகு நகராது. எந்த வழியில் என்ன ஆபத்து வீட்டுக்குள் வருகிறது, அதை முன்கூட்டியே கண்டுகொள்ள வழி உண்டா என்று யாரும் கேட்பதில்லை. இங்கே பார்க்கப்போவது அதை மட்டும்தான்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு, ஒரு தற்காலிகப் பராமரிப்பாளரின் வீட்டில் சில வாரங்களாவது தங்கியிருந்த, வளர்ந்த காப்பக நாய்தான் ஆபத்து குறைந்த தேர்வு. இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. வெளிநாட்டுக் குட்டியை வாங்குகிறவர் காகிதத்தை நம்பி வாங்குகிறார். வளர்ந்த நாயை எடுக்கிறவருக்கு முன்னால் நாயே நிற்கிறது; பார்க்கலாம், தொடலாம், நடத்திப் பார்க்கலாம். இந்தச் சாய்வு பொருந்தாத இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

விலையை வைத்துத் தொடங்காதீர்கள். நாய்க்கு ஆகும் மொத்தச் செலவில் முதல் நாள் கொடுக்கும் தொகை சிறு பங்குதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டு உணவும் மருத்துவமும்தான் பெரும் பங்கு.

இரண்டு வழிகளையும் இந்த ஐந்து கேள்விகளில் நிறுத்திப் பாருங்கள். நாயின் கடந்த காலத்தை எந்த அளவுக்குச் சரிபார்க்க முடியும்? எந்தத் தொற்றுநோய்கள் கூடவே வரக்கூடும்? பரம்பரை நோய்க்கான வாய்ப்பு எவ்வளவு? குணத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமா? கடைசியாக, எல்லாம் தவறிப்போனால் நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்ள யாராவது இருக்கிறார்களா? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை.

## வெளிநாட்டிலிருந்து வரும் உயர்ரகக் குட்டி

### வயதுக் கணக்கு

இந்த வழியின் பெரிய சிக்கல் ஒரு சிறிய கணக்கில் இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு 12 வாரம் ஆன பிறகுதான் போட வேண்டும் என்பது பல நாடுகளின் இறக்குமதி விதி. ஊசி பலன் தர மேலும் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே பிரிட்டனுக்குள்ளும் பெரும்பாலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள்ளும் எல்லை தாண்டி வரும் குட்டிக்குக் குறைந்தது 15 வாரம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்டு முதல் இன்னும் கறாராக, ஆறு மாதத்துக்குக் குறைந்த எந்த நாயையும் உள்ளே விடுவதில்லை.

ஆனால் வாங்குகிறவருக்கு வேண்டியது எட்டு வாரக் குட்டி. அந்த வயதில்தான் அது கையில் அடங்கும், படத்தில் அழகாக விழும். விற்பவர்களுக்கு இது தெரியும். அதனால் சட்டவிரோத வியாபாரத்தில் முதலில் பொய்யாவது பிறந்த தேதி. ஆறேழு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்த குட்டியின் தடுப்பூசிப் புத்தகத்தில் 15 வாரம் என்று எழுதப்பட்டிருக்கும். போடாத ஊசிக்கு முத்திரை இருக்கும்.

இந்தப் பொய்யைக் குட்டியின் வாயே காட்டிக்கொடுக்கும். நாய்க்கு ஊசி முனைபோல 28 பால்பற்கள். ஏறக்குறைய மூன்றரை, நான்கு மாதத்தில் முன்வாயின் நடு வெட்டுப்பற்கள் விழுந்து, அகலமான நிரந்தரப் பற்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கும். நான்கு மாதம் என்று சான்றிதழ் சொல்லும் குட்டியின் உதட்டை மெல்ல விலக்கினால், வரிசை குலையாமல் மெல்லிய பால்பற்கள் மட்டுமே நெருக்கமாக நிற்கின்றன என்றால் சந்தேகப்படுவதில் தவறில்லை. கால்நடை மருத்துவர் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். காது வெட்டுவது தடைசெய்யப்பட்ட நாட்டில், காது வெட்டிய குட்டி விற்பனைக்கு வந்தாலும், சட்டவிரோதமாக வந்ததோ என்ற சந்தேகம் எழ வேண்டும்.

சரி, எல்லாம் சட்டப்படியே நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு இழப்பு இருக்கிறது. குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. குழந்தைகள், குடை பிடித்த மனிதர்கள், குக்கர் சத்தம், மாடிப்படி, வாகனங்கள் எல்லாம் பயப்பட வேண்டியவை அல்ல என்று அது கற்றுக்கொள்வது அப்போதுதான். சட்டப்படி 15 வாரத்திலோ ஆறு மாதத்திலோ வரும் குட்டிக்கு அந்தப் பருவம் முழுவதும் நீங்கள் பார்க்காத ஒரு கூண்டில், நீங்கள் அறியாத மனிதர்களோடு கழிந்துவிடுகிறது. சட்டத்தை மீறினால் தாயும் தடுப்பூசியும் போகின்றன, மதித்தால் பழகும் பருவம் போகிறது. குட்டியை வீட்டிற்குள் வைத்துப் பழக்குகிற நல்ல வளர்ப்பாளர் என்றால் இந்த இழப்பு பெரிதாக இருக்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்து அதை உறுதிசெய்துகொள்வதுதான் கடினம்.

### கூடவே வரும் நோய்கள்

தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஆறு முதல் பதினாறு வாரத்துக்குள் படிப்படியாகத் தேய்கிறது. அது தேய்ந்து, தடுப்பூசி இன்னும் பிடிக்காத இடைவெளியில் குட்டிக்குக் கவசமே இல்லை. அந்த இடைவெளியில்தான் அதை வேறு குட்டிகளோடு வண்டியில் ஏற்றி, வரும் வழியெல்லாம் இறக்கி ஏற்றுகிறார்கள். பார்வோ வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கும். பயணத்தில் தொற்றிய நோய் உங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் வெடிப்பது இதனால்தான். விற்றவர், ‘என்னிடமிருந்து நன்றாகத்தானே வந்தது’ என்பார். அது உண்மையாகக்கூட இருக்கலாம். அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் பல மாதம் தாக்குப்பிடிக்கும் என்பதால், குட்டி பிழைக்காவிட்டாலும் அந்த வீட்டில் உடனே இன்னொரு குட்டி வளர்க்க முடியாது.

மூச்சையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வெளிப்பட வாரக் கணக்கில் ஆகலாம். வெறிநோய்க்குச் சில வாரம் முதல் சில மாதம் வரை, சில சமயம் அதைவிடக் கூடுதல். வெளிப்பட்டுவிட்டால் நாய்க்கும் மனிதருக்கும் மீட்பு அநேகமாக இல்லை. ஆகவே வந்த அன்று துள்ளி விளையாடுகிறது என்பதை நோயில்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்ள முடியாது.

### சான்றிதழ் எதைச் சொல்கிறது

வம்சாவளிச் சான்றிதழ் தாய், தந்தை, பாட்டன் பெயர்களைச் சொல்லும். அவர்களின் இடுப்பு மூட்டும் இதயமும் எப்படி இருந்தன என்பதைப் பொதுவாகச் சொல்லாது. பாட்டியின் பெயருக்கு முன்னால் சாம்பியன் பட்டம் இருந்தால் பாட்டி அழகாக இருந்தாள் என்று பொருள், அவ்வளவுதான். ஒரே பெயர் இருபுறமும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். உடன்பிறந்தவற்றை இணைத்தால் குட்டியின் உள்ளினப்பெருக்க விகிதம், அதாவது நெருங்கிய உறவில் இணைந்ததன் அளவு, 25 சதவீதம். ஒரு பெற்றோர் மட்டும் பொதுவாக உள்ளவற்றை இணைத்தால் 12.5 சதவீதம்.

எந்த ரகத்தில் எது வரும் என்பது பெரும்பாலும் தெரிந்த விஷயமே. புல்டாக், பக் போன்ற தட்டை முகங்களுக்கு மூச்சுத் திணறல். டாக்ஸ்ஹண்டுக்கு முதுகுத் தட்டு விலகல். டாபர்மேனுக்கு இதயத் தசை நோய். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் லாப்ரடாருக்கும் இடுப்பு மூட்டு. கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலுக்கு இதய வால்வு பழுதும், மண்டை ஓடு சிறுத்ததால் வரும் தண்டுவட நோயும். இந்தக் கடைசி ரகத்தின் நிலை எவ்வளவு மோசம் என்றால், அதை இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று நார்வே நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இத்தனைக்கும் அது திருட்டு வியாபாரம் பற்றிய வழக்கு அல்ல. முறையாகப் பதிவுசெய்து நடந்த இனப்பெருக்கம்தான் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். நல்ல வளர்ப்பாளரிடம் தாய், தந்தை இரண்டின் இடுப்பு எக்ஸ்ரே மதிப்பீடு, கண் பரிசோதனை, மரபணு முடிவு எல்லாம் கையில் இருக்கும். கேட்டால் மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டுவார். காப்பக நாய்க்கு இது பெரும்பாலும் கிடைக்காது. இறுதி இடுப்பு மதிப்பீட்டுக்கு நாய்களின் மூட்டுகளை மதிப்பிட்டுச் சான்று தரும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு 24 மாத வயதை நிபந்தனையாக வைத்திருக்கிறது. ஒன்றரை வயதுத் தாய்க்கு அந்த இறுதிச் சான்று இருப்பதாக ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

### மறைந்திருக்கும் செலவு

விமானக் கட்டணம், கூண்டு, சுங்கம், தனிமைப்படுத்தல் ஆகியவை வெளிப்படையானவை. மறைந்திருப்பவை வேறு. முதலாவது மோசடி: முன்பணம் கட்டியதும் ‘கூண்டு மாற்ற வேண்டும்’, ‘பயணக் காப்பீடு கட்ட வேண்டும்’, ‘விமான நிலையத்தில் ஊசி கேட்கிறார்கள்’ என்று ஒவ்வொன்றாகக் கறப்பார்கள். கடைசியில் குட்டியே இருக்காது, படம் மட்டும்தான் இருந்திருக்கும். இரண்டாவது, ‘நோய் வந்தால் பணம் வாபஸ்’ என்ற உத்தரவாதம். பல ஒப்பந்தங்களில் குட்டியைத் திருப்பித் தந்தால்தான் பணம். நோயாளிக் குட்டியை மீண்டும் விமானத்தில் ஏற்ற எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? எழுதியவருக்கு அது நன்றாகத் தெரியும். மூன்றாவது காப்பீடு. பல திட்டங்களில் முதல் சில வாரம் நோய்க்குப் பாதுகாப்பு கிடையாது. பார்வோ அந்தச் சில வாரத்துக்குள் வந்துவிடும்.

## காப்பகத்திலிருந்து தத்தெடுக்கும் நாய்

### கடந்த காலம்

பெரும்பாலும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்வதுதான் நல்ல காப்பகத்தின் முதல் அடையாளம். ரகம் கேட்டால் கண்ணால் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். அது பல நேரம் தப்பு. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைக் கொண்டு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வின்படி, தனிப்பட்ட நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ரகத்தால் விளக்க முடிந்தது ஏறத்தாழ 9 சதவீதம்தான். லாப்ரடார் என்றால் குழந்தைகளோடு ஒட்டும் என்று ரகத்தை நம்பிக் குணத்தை வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

### உடல்நலம்

கலப்பு நாய்க்கு நோயே வராது என்பது காப்பகப் பக்கத்தினர் சொல்லும் பொய். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் 24 பரம்பரைக் கோளாறுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பத்து கோளாறுகள் தூய ரகங்களில் கூடுதலாக இருந்தன. பதின்மூன்றில் வித்தியாசம் இல்லை. முழங்கால் நாண் அறுவது ஒன்று கலப்பு நாய்களில்தான் கூடுதல். ஆகவே அனுகூலம் உண்டு, அது மந்திரக் கவசம் அல்ல.

காப்பகத்தின் உண்மையான தலைவலி உண்ணிக் காய்ச்சல்கள், இதயப் புழு, தோல் சொறி, கெட்டுப்போன பற்கள், கூண்டில் கூட்டமாக இருப்பதால் வரும் இருமல். இவற்றில் பலவற்றை இரத்தப் பரிசோதனையிலும் வாயைத் திறந்து பார்ப்பதிலும் கண்டுபிடித்துவிடலாம். இதயப் புழு மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: தொற்றி ஏறக்குறைய ஆறு மாதம் ஆன பிறகே வழக்கமான பரிசோதனையில் தெரியும். தத்தெடுத்து ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது. வளர்ந்த நாயின் இடுப்பு, முழங்கால், மூச்சு எல்லாம் ஏற்கெனவே தங்கள் நிலையைக் காட்டிவிட்டன என்பது இங்கே பெரிய சௌகரியம். மூன்று வயதில் மூச்சிரைக்காமல் ஓடுகிற நாய்க்குத் தட்டை முக மூச்சுத் திணறல் இல்லை என்று சொல்ல எக்ஸ்ரே வேண்டாம்.

### குணம்

இங்குதான் உழைக்க வேண்டும். காப்பகக் கூண்டில் தெரிவது நாயின் முழுக் குணம் அல்ல. மூலையில் அமைதியாகச் சுருண்டிருப்பது சாதுவாக இல்லாமல் பயத்தில் உறைந்துபோயிருக்கலாம். கம்பியில் முட்டிக் குரைப்பது வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் உங்கள் காலடியில் படுத்துக்கொள்ளலாம். அதனால் கூண்டின் முன் நின்று தேர்ந்தெடுக்காதீர்கள். கயிற்றில் பிடித்து வெளியே நடத்துங்கள். தட்டில் உணவு இருக்கும்போது பக்கத்தில் ஆள் போனால் உடல் விறைக்கிறதா, உதடு சுருள்கிறதா என்று பராமரிப்பாளரைச் செய்துகாட்டச் சொல்லி, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பாதத்தையும் காதையும் தொட விடுகிறதா என்று கேளுங்கள். சில வாரம் ஒரு வீட்டில் தங்கியிருந்த நாய் என்றால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அனுமானம் வேண்டாம், அந்த வீட்டாரே பதில் சொல்வார்கள்: தனியே விட்டால் கத்துகிறதா, பூனையைத் துரத்துகிறதா, இரவில் தூங்குகிறதா.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாளில் பதற்றம் தணியும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீடு தன்னுடையது என்று தோன்றும் என்பது காப்பகக்காரர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. முதல் சில நாள் சாதுவாக இருந்த நாய் மூன்றாவது வாரத்தில் உறுமினால் மோசம்போனதாக நினைத்துவிடுகிறார்கள். பயம் தெளிந்து தன் இயல்பைக் காட்டத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதே முதல் வாரங்களில்தான் தப்பி ஓடும் ஆபத்தும் அதிகம். கதவருகில் எப்போதும் கயிறு, கழுத்துப் பட்டியோடு மார்புப் பட்டியும்.

### மறைந்திருக்கும் செலவு

தத்துக் கட்டணத்தில் கருத்தடை, தடுப்பூசி, தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப் ஆகியவை பெரும்பாலும் அடங்கிவிடும். பணம் வேறு வழியில் போகும்: நடத்தைப் பயிற்சியாளர், உயரமான வேலி, பற்கள் சுத்தம் செய்தல். அதைவிடப் பெரிய செலவு நேரம். தனியே இருக்கப் பயப்படும் நாய்க்கு மாதக் கணக்கில் வீட்டில் ஆள் வேண்டியிருக்கலாம். அதற்கு வழியில்லாதவர் எடுத்தால் நாய் திரும்பக் காப்பகத்துக்கே போகும்.

## எல்லை தாண்டி வரும் மீட்பு நாய்

‘தத்தெடுப்பு’ என்ற பெயர் இருப்பதாலேயே இதைக் காப்பகப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். ஆபத்துக் கணக்கில் இது இறக்குமதியின் பக்கம்தான். 2021 ஜூனில் அஜர்பைஜானிலிருந்து மீட்பு அமைப்பு ஒன்றின் வழியாக அமெரிக்காவுக்கு வந்த 33 நாய்களில் ஒன்றுக்கு வெறிநோய் உறுதியானது. அடுத்த மாதமே, வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளிலிருந்து நாய்கள் வருவதை அந்நாடு தற்காலிகமாக நிறுத்தியது. பிரிட்டனில் 2020க்குப் பிறகு கூடுதலாகத் தென்படும், கருச்சிதைவையும் மலட்டுத்தன்மையையும் உண்டாக்கும் புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியாத் தொற்றும், குறிப்பாக ருமேனியாவிலிருந்து, இறக்குமதியான நாய்களோடு தொடர்புடையது. அது மனிதருக்கும் தொற்றலாம். நாயில் முழுதாகக் குணமாக்கும் நம்பகமான மருந்து இல்லை. மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோய், வந்த பல ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். ஒளிப்படத்தைப் பார்த்து மனம் இளகி எடுப்பதும் காகிதத்தை நம்பி எடுப்பதுதான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | வெளிநாட்டு உயர்ரகக் குட்டி | உள்ளூர்க் காப்பகத்தின் வளர்ந்த நாய் |
|---|---|---|
| கடந்த காலம் | காகிதத்தில் நிறைய, சரிபார்ப்பது கடினம் | காகிதத்தில் குறைவு, நாயையே பரிசோதிக்கலாம் |
| தொற்றுநோய் | பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநோய் அபாயம். முதல் வாரங்களில் வெடிக்கலாம் | உண்ணிக் காய்ச்சல், இதயப் புழு, இருமல். பலவும் பரிசோதனையில் தெரியும் |
| பரம்பரை நோய் | பெற்றோரின் சோதனை முடிவு இருந்தால் கணிக்கலாம், இல்லையேல் ரகத்தைப் பொறுத்து அதிகம் | கணிக்க முடியாது. வெளிப்பட வேண்டியதில் பலவும் வெளிப்பட்டிருக்கும் |
| குணம் | பழகும் பருவம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கழிந்தது | வளர்ந்துவிட்டது, வீட்டுச் சூழலில் பார்த்தவர் சொல்வார் |
| தவறிப்போனால் | விற்றவரைப் பிடிப்பது அரிது | நல்ல காப்பகம் எப்போதும் திரும்பப் பெறும் |

## எப்போது எது

இறக்குமதி நியாயமான சந்தர்ப்பங்கள் உண்டு. மந்தை மேய்க்கவோ பார்வையற்றோருக்கு வழிகாட்டவோ மோப்பப் பணிக்கோ குறிப்பிட்ட வேலை வம்சம் வேண்டும் என்றால், அல்லது எண்ணிக்கை குறைந்துபோன ஒரு ரகத்துக்குப் புது இரத்தம் சேர்க்க வேண்டும் என்றால், காப்பகத்தில் தேடிப் பயனில்லை. அப்போதும் நேரில் போய்த் தாயைப் பார்க்க வேண்டும். முடிந்தால் குட்டியைத் தவிர்த்து ஆறு மாதமோ ஒரு வயதோ கடந்த நாயை எடுப்பது மேல்: தடுப்பூசி முடிந்திருக்கும், பற்கள் பொய் சொல்லாது, குணமும் ஓரளவு தெரியும்.

ரகம் வேண்டும், ஆனால் வேலைக்கு அல்ல, ஆசைக்குத்தான் என்றால் எல்லை தாண்ட அவசியமே இல்லை. ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில், தாயையும் அதே ஈற்றின் மற்றக் குட்டிகளையும் காட்டுகிற வளர்ப்பாளரைத் தேடுங்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர் விற்க முடியாது. வளர்ப்பாளரிடமோ காப்பகத்திலோதான் பெற வேண்டும். உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்த விதியை உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளலாம். தாயைக் காட்ட முடியாது என்று சொல்பவருக்கு எத்தனை காரணம் இருந்தாலும் சரி, வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

ஒவ்வாமைக்காகச் சுருட்டை முடி ரகங்களை வரவழைப்பவர்கள் தனிக் கூட்டம். ஒவ்வாமை தராத ரகங்கள் எனப்பட்ட நாய்கள் இருந்த வீடுகளிலும் மற்ற வீடுகளிலும் நாய் ஒவ்வாமைப் பொருளின் அளவு ஒன்றுபோலவே இருந்ததாக 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ரகத்தைவிட அந்தக் குறிப்பிட்ட நாய்தான் முக்கியம். எடுப்பதற்கு முன் அதோடு சில மணி நேரம் ஒரே அறையில் இருந்து பாருங்கள். காப்பக நாயோடு அது முடியும். விமானத்தில் வரும் குட்டியோடு முடியாது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் குட்டிதான் பத்திரம் என்பதையும் நான் ஏற்கவில்லை. பால்பற்கள் கூரானவை, குட்டி எதையும் கடிக்கும், உறக்கத்தையும் கெடுக்கும். குழந்தைகளோடு வாழ்ந்து காட்டிய நான்கு வயது நாய் அதைவிட எளிது. அதே சமயம், உங்கள் வீட்டில் முதியவரோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்து, நாள் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், கடந்த காலம் தெரியாத காப்பக நாயும் ஏற்றதல்ல, குட்டியும் ஏற்றதல்ல. உரிமையாளர் இடம்பெயர்வதாலோ நோயுற்றதாலோ கைமாற வேண்டிய, வரலாறு முழுதும் தெரிந்த வளர்ந்த நாய்க்காகக் காத்திருப்பது உத்தமம். காப்பகங்களுக்கு அப்படியும் நாய்கள் வரும். பெயரைப் பதிந்துவைத்தால் கூப்பிடுவார்கள்.

எந்த வழி என்றாலும் பணம் கைமாறும் முன் மூன்று காரியம் பாக்கி. மைக்ரோசிப் எண் பெரும்பாலும் 15 இலக்கம்; கருவியால் வாசித்து, புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். சிப் பொருத்திய தேதி வெறிநோய் ஊசித் தேதிக்கு முந்தையதாகவோ அதே நாளாகவோ இருக்க வேண்டும். பிந்தையதாக இருந்தால் பல நாடுகளில் அந்த ஊசி கணக்கில் சேராது. கடைசியாக, நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவரிடம் இரண்டு நாளுக்குள் காட்டவும், அவர் கோளாறு கண்டால் நாயைத் திருப்பித் தருவதா அல்லது சிகிச்சைச் செலவைப் பெறுவதா என்பதை நீங்களே முடிவுசெய்யவும் இடம் தரும் ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நல்ல காப்பகமும் நல்ல வளர்ப்பாளரும் அதை எழுதித் தரத் தயங்குவதில்லை.